வீரையன் பிட்டிங்

டிராக்டருக்கு டயர் எடுக்கும்போது கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், ஐயா. டயரில் எழும்பி நிற்கும் கட்டைகளை எங்கள் பக்கம் பட்டன் என்போம். பட்டன் உயரமாக, இடைவெளி விட்டு இருந்தால் சேற்றைப் பிடித்து ஏறும். ஆனால் தார் ரோட்டில் கரைந்துவிடும். தாழ்வாக, நெருக்கமாக இருந்தால் ரோட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும். வயலில் நின்ற இடத்திலேயே சுற்றும். கீழ்வேளூர் வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் யாரும் டயர் வாங்குவதில்லை. டயர் பஞ்சநதம் என்று கேட்டால்தான் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். பெயருக்கு முன்னால் ரப்பர் ஒட்டிக்கொண்டதில் எனக்கு அவ்வளவு பெருமை. சிரிக்கலாம், தப்பில்லை.

பிடிமானம், உழைப்பு இரண்டையும் ஒரே டயரில் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தேன். பின் டயரின் பக்கவாட்டில், முன்னே உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். கோடையில் வைக்கோல் ஏற்றி ரோட்டில் ஓடும்போது, வலது சக்கரத்தை இடதுபக்கமும் இடது சக்கரத்தை வலதுபக்கமும் மாற்றி, அம்பு பின்னால் பார்க்க மாட்டினேன். தேய்மானம் பாதியாகக் குறைந்தது. விஷயம் எனக்கும் என் டிரைவர் வீரையனுக்கும் மட்டும்தான் தெரியும்.

சம்பா உழவுக்கு முன் பழையபடி மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டன்களுக்கு நடுவே சேறு அடைத்து டயர் வழுக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் சேற்றிலும் ஓட்டிக் காட்டிவிட்டு ஊருக்குச் சொல்லலாம் என்ற ஆசையில் அந்த வருஷம் மாற்றவில்லை.

"அண்ணே, டயரு சேறு கக்க மாட்டேங்குது. கர ஏறுனா வழுக்குது. மாத்திப்புடலாம்ண்ணே" என்றான் வீரையன்.

"டயரப் பத்தி எனக்கே சொல்றியாடா?" என்றேன்.

மறுநாள் என் கண்ணெதிரே, வாய்க்கால் கரை ஏறும்போது வண்டி பக்கவாட்டில் சறுக்கி வாய்க்காலுக்குள் சாய்ந்தது. மட்கார்டுக்கு அடியில் வீரையனின் இடுப்பு சிக்கிக்கொண்டது. தண்ணீர் அவன் மார்பளவு. வண்டி குறுக்கே கிடந்து மறித்ததால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வயல் தள்ளி நடவு ஆட்கள் இருந்தார்கள். செங்கல் சூளையில் ஜேசிபி நின்றது. என் சட்டைப்பையில் போன் இருந்தது.

வலிக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் உடனே ஆட்களைக் கூப்பிட்டிருப்பேன். அவனோ மூச்சு வாங்கிக்கொண்டு, "டயர மாத்தச் சொன்னேனேண்ணே... தூக்குங்கண்ணே... சொன்னேனேண்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் சொல்வான். சொல்லி முடிக்கட்டும் என்று கரையில் உட்கார்ந்தேன். வேட்டி நனையாமல் மடித்துக்கொண்டேன். தண்ணீர் வாய்க்கு வந்ததும் பேச்சு நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, கத்திக்கொண்டு ஓடினேன். அழுகையும் நன்றாகவே வந்தது.

டயரைத் தலைகீழாக மாட்டியது வீரையன்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். அவன் மனைவி பூவம்மாள் மட்டும் வந்து நின்றாள்.

"அவரு அம்பு பாக்காம மாட்ட மாட்டாருங்க. கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நிம்மதி போனது சென்ற வாரம்தான். பஞ்சர் கடை ஜெய்னுலாபுதீன் என் டயரைத் தடவிப் பார்த்து, "மூணு கோட ஓடியும் பட்டன் அப்புடியே நிக்கிதேங்க. வீரையன் மூளையே மூளை" என்றார். அந்தப் பேச்சு பரவி, இந்த ஒரு வாரத்திலேயே வைக்கோல் வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். 'வீரையன் பிட்டிங்' போடுங்கள் என்று என் காதுபடவே கேட்கிறார்கள். அப்படி மாட்டச் சொல்லி எனக்கே யோசனை சொல்லவும் ஒருவன் வந்தான், டயர் பஞ்சநதத்துக்கு.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. திருப்பி மாட்டும் யோசனை பஞ்சநதத்துடையது என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள். செத்துப்போனவன் பேரில் ஒரு பொய் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.