நாலு டிஸ்க்கில் அடங்கிய மலை

கார்த்திகை தீபத்துக்கு வந்த லட்சோபலட்சம் ஜனங்களை, மலையோடு சேர்த்து, ஒரு காப்பி ஆறுவதற்குள் இந்தத் திருவண்ணாமலையிலிருந்து துடைத்துப் போட்டவன் நான். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கம்மி. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

நானும் சக்கரபாணியும் டெலிபோன் ஆபீசில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். வருஷா வருஷம் ஆளுக்கொரு கேமராவோடு ஒரே மொட்டை மாடியில் நின்று தீபத்தைப் படமெடுப்போம். எல்லாம் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேரும். இந்த வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தான். வாசல் பேனர் ராஜகோபுரத்தைவிட ஒரு முழம் உயரம். அதில் அவன் பெயர் மட்டும். உள்ளே என் படங்களுக்கு அடியிலும் அவன் பெயர்தான்.

கேட்டேன். "நீ கேமரா ஸ்டாண்டு புடிச்சவன்தானேடா ஆதி," என்று எல்லார் எதிரிலும் முதுகில் தட்டினான். மண்டபமே சிரித்தது. நான்தான் ஜாஸ்தி சிரித்தேன்.

பிறகு அவன் கம்ப்யூட்டரில் இடம் பற்றவில்லை என்றான். நாலு ஹார்டு டிஸ்க் வாங்கு, ஒன்றாகக் கோர்த்துத் தருகிறேன் என்றேன். கோர்ப்பதில் பல விதம் உண்டு. ஒரு விதத்தில், ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவை படங்களைக் காப்பாற்றும். இன்னொரு விதத்தில், ஒவ்வொரு படமும் துண்டு துண்டாகி நாலிலும் பிரிந்து உட்காரும். வேகம் பறக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு.

"நாலு டிஸ்க்னா நாலு காப்பி இருக்கும், இல்ல?" என்றான்.

"வேற என்ன," என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

படங்கள் எல்லாம் நாலுக்கும் மாறியதும், இனி இது எதுக்கு என்று பழைய டிஸ்க்கை அவனே நீட்டினான். பொறுமையாக அழித்துக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது அவன் மனைவி அருணாதேவி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு டிஸ்க்கை உருவிப் பையில் போட்டேன். அது இப்போது அடி அண்ணாமலையில் ஒரு கிணற்றின் அடியில் இருக்கிறது.

காய்ச்சலில் போய்விட்ட அவர்கள் மகள் கீர்த்தனாவின் படங்களும் அந்த நாலில்தான் இருந்தன. நடை பழகியதிலிருந்து காலேஜ் வரைக்கும். அவளை நான் தனியாகக் குறி வைக்கவில்லை. பாதிப் படங்கள் நான் எடுத்தவை. "மாமா, இன்னொண்ணு" என்று கேட்டு நிற்பாள். அவற்றின் அடியிலும் என் பெயர் கிடையாது.

ஒரு படமும் திறக்கவில்லை என்றதும் அருணாதேவிக்கு உடனே என்மேல் சந்தேகம். தெருவுக்கும்தான். சக்கரபாணி ஒருவன்தான் நம்பவில்லை. "கரண்டு ஏறி எறங்குச்சு, டிஸ்க்கு பூடுச்சு. ஆதி என்னா பண்ணுவான்?" என்று எனக்காகத் தெருவோடு சண்டை போட்டான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று நானே போய்ச் சொன்னேன். சிரித்தான். "போடா, உனக்கு மவுஸ் புடிக்கவே நான்தான் கத்துக் குடுத்தேன்."

டிஸ்க் பெட்டியைத் திறந்து காலி இடத்தைக் காட்டினேன். எப்படிக் கோர்த்தேன் என்பதை நிதானமாக விளக்கினேன்.

"பொண்ணு படமும் அதுலதான் இருக்குதுன்னு தெரியுமாண்ணா?" என்றார் அருணாதேவி.

"தெரியும்மா."

சக்கரபாணி அந்தக் காலி இடத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு, "நீதான்டா செஞ்சிருக்க, ஆதி," என்றான்.

இத்தனை வருஷத்தில் என் வேலைக்கு அவன் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை.