முடி மட்டும் அவனுடையது

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் கையில் கட்டு இருந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அது சட்டைப் பொத்தான் மாதிரி, இல்லாவிட்டால்தான் கண்ணில் படும். அதனால்தான் ஐயா, அன்று என் உள்ளங்கையை யாரும் பார்க்கவில்லை.

நானும் தம்பியும் ஒரே கடையில் வேலை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. என் எலும்பு மஜ்ஜை பொருந்தியது, கொடுத்தேன், பிழைத்தான். இனி தம்பி உடம்பில் ஓடுவது அண்ணனின் ரத்தம், சோதித்தால் டி.என்.ஏ.வும் அண்ணனுடையதாகவே வரும், முடி மட்டும் இவனுடையதாக முளைக்கும் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். தம்பி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"இனிமே என்னைத் திட்டினா, உன்னையே திட்டிக்கிற மாதிரிதாண்ணா."

அவன் கண்ணாடி வெட்டினால் அளவு தப்பாது. முதலாளி வயதாகி ஒதுங்க நினைத்தபோது, கடைப் பொறுப்பை அவனுக்குக் கொடுக்கப்போவதாக முதலில் என்னிடம்தான் சொன்னார். நான் பெரியவன், விட்டுக்கொடுப்பேன் என்று நம்பினார். அன்று வெளியூரில் கண்ணாடி பொருத்தப் போனவன் சீக்கிரமே திரும்பியிருந்தேன், அது வேறு யாருக்கும் தெரியாது. தம்பி சாப்பிடப் போயிருந்தான். என்னிடம் உயிர் வாங்கிய பயல் எனக்கு மேலே உட்காரப்போகிறான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. மேசையில் வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்று நீளமாகக் கிடந்தது. அவர் குனிந்திருந்தார். கழுத்தில் ஒரு தடவைதான். என் கையும் கிழிந்தது.

திரும்பி வந்து உடலை முதலில் பார்த்தது தம்பி. கடைச் சாவியும் அவனிடம்தான். துண்டில் இருந்த இன்னொருவர் ரத்தம் அவன் ரத்தத்தோடு ஒத்துப்போனது. அதற்குப் பிறகு போலீஸ் வேறு யாரையும் தேடவில்லை. கோடியில் இன்னொருவருக்குக்கூட ஒத்துவராது என்றார் கோர்ட்டில் நிபுணர். அந்த இன்னொருவன், நான், பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்குப் பெரிய வியாதி ஏதாவது வந்ததுண்டா என்று அவன் வக்கீல் என்னைத்தான் கேட்டார். சின்ன வயதில் மஞ்சள் காமாலை, வேறொன்றும் இல்லை என்றேன். அதைவிட எளிதான வேலையை நான் செய்ததில்லை.

ரத்தச் சோதனை அறிக்கையை வாசிக்கும்வரை "நான் செய்யல" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், வாசித்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் வாயே திறக்கவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்காது, மறதிக்காரன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜெயிலில் முதல் தடவை பார்த்தபோது கம்பி வழியே என் கையைப் பிடித்து விரித்தான்.

"காயம் ஆறிடுச்சாண்ணா?"

"ஆறிடுச்சு."

என் விரல்களை மடக்கி மூடிவிட்டான். வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். ஸ்டேஷனுக்கு, உங்களிடம் அன்றே வந்திருக்கலாம். வீட்டுக்குப் போனேன்.

நான்கு வருடம் கழித்து நோய் திரும்பியது. முன்பு மஜ்ஜை கொடுத்தது யார் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறான், உங்களுக்காவது தெரியுமா என்று ஜெயில் டாக்டர் போன் செய்தார். அவன் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அவன் மறதிக்காரன் சார், எனக்கும் தெரியாது," என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை உடலை வாங்கிக்கொள்ள வரச் சொன்னார்கள்.

முதலாளியைக் கொன்றது நான், தம்பியைக் கொன்றது நோய் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது நாக்கு கூசுகிறது. இரண்டு கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வதை நம்பவும் வேண்டாம். அவன் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறான், தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிச் சோதித்து, துண்டில் இருந்த ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மட்டும் பொய் சொல்லாது, அது என்னுடையதில்லை.