கயிறு பிடித்த அண்ணன்

பாபநாசம் பஸ்ஸில் என் எதிரே மூன்று பேர். மூங்கில் பத்தை வைத்துக் கால் கட்டியவர். அவர் மனைவி. அந்தக் காலை மடியில் தாங்கியிருந்த மனைவியின் அண்ணன்.

“கோபுரத்துல செடி வெட்டுன மனுசனோட இடுப்புக் கயிறு உன் கையிலதானே அண்ணே இருந்துச்சு?”

“மிராசுதார் வந்துட்டாரும்மா. தோள் துண்டை இடுப்புல கட்டிக் கும்பிட வேணாமா?”

“கயித்தைத் தூணுல ஒரு சுத்து சுத்தியிருந்தா ஊரையே கும்பிட்டிருக்கலாம், மச்சான்” என்றார் கால் ஒடிந்தவர். “ஆட்சியே மாறிருச்சு, உங்க துண்டு இன்னும் தோள்ல நிக்க மாட்டேங்குது. நடவுக்குள்ள நான் எந்திரிக்கலைன்னா குத்தகையைப் புடுங்கப்போறதும் அவருதான்.”

“அன்னிக்கும் கும்பிடு, அண்ணே” என்றாள் மனைவி.

அடுத்த நிறுத்தத்தில் அதே மிராசுதார் ஏறினார். கார் பழுதாம். அண்ணனின் இரண்டு கைகளும் துண்டுக்குப் போயின. நழுவிய காலை மனைவி பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நாற்பது பேர். எழுந்து நின்றவர் ஒருவர்.