இரண்டு சம்பந்திகளும் ஐந்து வடைகளும்

...மணமக்களை வாழ்த்தப் பதினாறு செல்வங்களையும் வரிசையாகச் சொல்லத்தான் எழுதி வந்தேன். ஆனால் பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்கிறது. அதனால் பதினாறையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, குட்டியாக ஒரே ஒரு கதை. குட்டி என்றால் குட்டிதான்... யாரும் செருப்பைத் தேட வேண்டாம்!

மணப்பெண் மதுமிதாவுக்கு நான் தாய்மாமன். போன ஆவணியில், பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளை கவினின் அப்பாவும் முதல்முதலாகச் சந்தித்தது எங்கே தெரியுமா? கோயிலிலா? இல்லை. வீட்டிலா? இல்லை. சென்னையில் மது வேலை பார்க்கிற ஆபீசுக்குக் கீழே, ஒரு ஃபலாஃபல் கடையில்!

ஃபலாஃபல் என்றால் முழிக்காதீர்கள். நம்ம மசால் வடை துபாய்க்குப் போய்ப் பணக்காரனாகித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்... அதுதான். அந்தக் கடையில் நாமே சொல்லிச் சொல்லித் தட்டை நிரப்ப வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அறுபத்து நாலாயிரம் கிண்ணங்கள்! எண்ணிப் பார்த்தவன் நான்.

மது கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, கவினோட அப்பா வாயால சரின்னு சொல்லணும். அவர் சொல்லலைன்னா இந்தக் கல்யாணம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்க மாட்டோம், நீங்களே பேசுங்க." சொல்லிவிட்டுக் கவினை இழுத்துக்கொண்டு மேலே ஆபீசுக்கு ஓடிவிட்டாள். மிஞ்சியது மூன்று பேர். இந்தப் பக்கம் பெண்ணின் அப்பா, எங்கள் திருநெல்வேலி அத்தான் நெல்லைநாயகம். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, பொள்ளாச்சி சென்னியப்பன் ஐயா. நடுவில், சாட்சிக்கு நான்.

கரண்டியோடு நின்ற பெண்ணின் பெயர் ஜெனிஃபர். ரொட்டியைத் திறந்து ஒரு ஃபலாஃபல் வைத்தாள். அத்தான் உடனே என்ன செய்தார்? இலைக்கு மேலே நீட்டுவோமே, அப்படிக் கையை நீட்டி, "போதும்மா... போதும் போதும்!" என்றார்.

சபையோரே! நம் ஊர்ப் பந்தியில் கையை நீட்டிப் போதும் என்றால் என்ன அர்த்தம்? இன்னும் இரண்டு போடு என்று அர்த்தம்! ஜெனிஃபருக்கு அது தெரியுமா? போதும் என்றால் நிறுத்திவிட வேண்டும், அதுதான் அந்தக் கடைச் சட்டம். கரண்டி நின்றது. கொண்டைக்கடலைத் துவையல்? "போதும்மா!" வெங்காயம்? "ஐயோ, போதும்!" இரண்டு வெள்ளரித் துண்டோடு அத்தான் தட்டு முடிந்துபோனது.

அடுத்து சென்னியப்பன் ஐயா. பெண் வீட்டுக்காரரே ஒன்றோடு நிறுத்தியபோது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் இரண்டு கேட்பாரா? "எனக்கும் ஒண்ணு போதுங்க. வெள்ளரிகூட வேண்டாங்க." மரியாதையில் பொள்ளாச்சி ஜெயித்துவிட்டது!

நான்? "போடும்மா... போடும்மா... அந்தப் பச்சை என்னன்னு தெரியல, அதையும் போடும்மா" என்று சொல்லி, ஐந்து ஃபலாஃபலோடு ஒரு பொதிகை மலையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இரண்டே கடியில் அவர்கள் சாப்பாடு முடிந்தது. பேச்சு ஆரம்பித்தது. அதுவும் அதே லட்சணம்தான்!

"கல்யாணத்தை எங்க வெச்சுக்கலாமுங்க?"

"உங்க இஷ்டம்."

"இல்லீங்க, உங்க இஷ்டமுங்க."

"எங்களுக்கு எதுன்னாலும் சரிதான்."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க."

இவருக்குப் பெண்ணைக் கொடுக்க மனசில்லை என்று அவர் நினைக்கிறார். அவருக்குப் பையனைக் கொடுக்க மனசில்லை என்று இவர் நினைக்கிறார். கடைசியில் சென்னியப்பன் ஐயா எழுந்துவிட்டார். "அப்போ... வீட்ல கலந்து பேசிச் சொல்றனுங்க."

கலந்து பேசிச் சொல்கிறேன்! நம் தமிழ்நாட்டில் அப்படிச் சொல்லிப் போனவர் எவராவது திரும்பி வந்திருக்கிறாரா? என் தொண்டையில் மூன்றாவது ஃபலாஃபல் அப்படியே நின்றுவிட்டது...

அப்போதுதான் அத்தான் கவனித்தார். வாசலைப் பார்க்க வேண்டிய சென்னியப்பன் ஐயாவின் கண், என் தட்டைப் பார்க்கிறது. மிச்சமிருந்த இரண்டு ஃபலாஃபலைப் பார்க்கிறது. வெடுக்கென்று என் தட்டைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தார் அத்தான்.

"அத்தான், அது என் தட்டு..."

"சும்மா இருல மாப்ள! ஐயா, உக்காருங்க. சாப்பிடுங்க."

"இல்லீங்க, போதுங்க..."

"போதாது! எனக்கே போதல. பசியில கண்ணு இருட்டுது. உங்க இஷ்டம்னு சொன்னதும் பொய்தான். எனக்கு உங்க பையன்தான் வேணும். அவனை விட்டா எம் மக முகத்தை என்னால பாக்க முடியாது."

சென்னியப்பன் ஐயா மெதுவாக உட்கார்ந்தார். ஒரு ஃபலாஃபலை எடுத்தார். பாதியைக் கடித்தார்.

"நானும் பொய்தானுங்க சொன்னேன். எங்க தோப்புலயே பந்தல் போட்டுக் கல்யாணம் வைக்கோணும்னு கொள்ளை ஆசைங்க. கேட்டா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு... உங்க புள்ளதானுங்க எங்க மருமக. நூறு தடவ சரிங்க!"

அப்புறம் இருவரும் கைகோத்துக்கொண்டு திரும்பப் போய் நின்றார்கள். "எத்தனை சார்?" என்றாள் ஜெனிஃபர். இரண்டு சம்பந்தியும் ஒரே குரலில்... "அஞ்சு!" இதோ, அந்தத் தோப்பு. இதோ, அந்தப் பந்தல். என் தட்டுதான் இன்னும் திரும்பி வரவில்லை!

கவினு, மது... இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். பசி என்றால் பசி. கோபம் என்றால் கோபம். ஆசை என்றால் ஆசை. வாயைத் திறக்காமல், அவருக்கே புரியட்டும், அவளுக்கே தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தால், கடைசிவரை இரண்டு வெள்ளரித் துண்டுதான். அதே மாதிரி, ஒருத்தர் போதும் என்றால் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேளுங்கள். அந்த இன்னொரு தடவையில்தான் குடித்தனம் இருக்கிறது.

சபையோருக்கும் ஒரு எச்சரிக்கை. மூன்றாம் வரிசையில் நீலச் சேலையில் சிரிக்கிறதே, அந்தப் பெண்தான் ஜெனிஃபர். பாயசம் பரிமாறப்போவது அவள்தான். மரியாதைக்குக் கையை நீட்டிப் போதும் என்றீர்களோ... வாளி அடுத்த இலைக்குப் போய்விடும். நான் பொறுப்பில்லை. வாருங்கள், சாப்பிடுவோம்!