சஃப்வானோட நாப்பது நிமிஷம்

டீயெல்லாம் அப்புறம் குடிக்கலாம் சகாய ஆனந்து, மொதல்ல அந்தக் கருப்பு ஸ்கிரீனத் தொறந்து காட்டு. ஏலாக்குறிச்சிப் பையன், பெரம்பலூர்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறவன்னு நம்பித்தானே நம்ம வீடியோ கடைக்குள்ள ஒன்ன வுட்டேன். நீ ஏத்திவுட்ட ஏஐ பேசுறதோட நின்னுருக்கலாம்ல. அதுக்குக் கையி எதுக்குக் குடுத்தே? அதுவா கமாண்ட் எழுதுது, அதுவா ஓட்டுது, அதுவா அழிக்குது. ஒரு ஆள வேலைக்குச் சேத்தாலே மூணு மாசத்துக்குக் கேமராவத் தொட வுடமாட்டேன் நானு.

அதுகிட்ட நான் என்ன சொன்னேன்? கல்யாண சீசன், டிஸ்க் ரொம்பிருச்சு, வேண்டாததத் தள்ளிட்டு எடம் பண்ணுன்னேன். அம்புட்டுதான். அது சஃப்வானோட அம்மா மவுத்தாயி அடக்கம் பண்ணுன வீடியோவத் தூக்கிருச்சு. மய்யித்தோட சந்தூக்குப் பெட்டி கடைத்தெரு வழியா பள்ளிவாசலுக்குப் போனது, தொழுகை, மண்ணு போட்டது, மொத்தம் நாப்பது நிமிஷம். அவன் ரியாத்துல லீவு கெடைக்காமக் கெடந்தப்ப அவனுக்காக எடுத்தது. இப்ப பாக்க மனசு வரல, நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க நஜீமுதீன் அண்ணேன்னான். ரெண்டு வருசம் வெச்சிருந்தேன். நேத்து வந்து எறங்கிட்டான்.

என்னது, காப்பியா? ஆமா, காப்பி எடுத்து அந்தக் காப்பியில மட்டும் அத வேல செய்ய வுடுங்கன்னு நீ சொன்னதுதான். வரிசையா கல்யாணம் நிக்குது, காப்பி எடுத்துட்டு எவன் ஒக்காந்திருக்கிறது. மீட்க முடியாதுன்னும் தெரியும். அந்த எடத்துலதான் ருமைசான்னு ஒரு பொண்ணோட கல்யாண வீடியோவ ஏத்திட்டேன்.

கேக்காம அழிக்காதுங்குறியா? கேட்டுச்சுப்பா. இந்த ஃபோல்டரப் படிக்கவா, இத அந்தாண்ட நவுத்தவான்னு நிமிசத்துக்கு ஒரு தரம் கேட்டுச்சு. சவூதியில, தம்மாம்ல பதினெட்டு வருசம் இருந்தவன் நானு. கம்பெனிக்காரன் அரபியில எத நீட்டுனாலும் கையெழுத்துப் போட்டே பழகுன கை இது. என்ன எழுதியிருக்குன்னு கேட்டு நின்னவன அடுத்த பிளைட்ல ஏத்திவுட்டத நான் பாத்திருக்கேன். இந்தக் கைகிட்ட வந்து சரியான்னு கேட்டா சரின்னுதான் அமுக்கும். அதுலயும் நீ இங்கிலீசுல கேக்க வெச்சா எனக்கு என்ன புரியும்.

என்ன, ஸ்கிரீன மேல மேல தள்ளிப் பாக்குற. போதும், வுடு. சரி, தமிழ்லதான் கேட்டுச்சு. இதுக்கு வேற காப்பி இல்ல, அழிச்சாத் திரும்ப வராது, அழிக்கவான்னு. ரெண்டு தரம் கேட்டுச்சு. கீழ சரி, சரின்னு இருக்குல்ல, அது நான் போட்டது. படிக்கல நானு.

சத்தமாப் படிக்காதப்பா, மூடு அத. சஃப்வான் வர்ற நேரம். அவன்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன், ஏலாக்குறிச்சிக்காரன் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கைய வெச்சு அழிச்சுப்புட்டான்னு. கத்தல, அழுவல அவன். அந்த ஆள நேர்ல பாக்கணும்னு மட்டும் சொன்னான். அதுக்குத்தான் ஒனக்கு ஃபோன் போட்டேன்.