பூதச் சண்டைக்கு நான் எழுதிய காரணங்கள்

என் வீட்டு அடித்தள அறையில் ஹீட்டரைப் போட்டால் சூடு ஏற நாற்பது நிமிடமாகும். ஒரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் நான் பன்னிரண்டே காலுக்குப் போட்டுவிடுவேன். பதினோரு வருடங்களில் ஒரு சனிக்கிழமைகூட என் மேசையில் யாரும் குளிரில் உட்கார்ந்ததில்லை. டெபுடி நோவாக், உங்கள் காவல் நிலையத்து டேப் ஓடுகிறதென்றால் இது முதலில் பதிவாகட்டும். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை.

ஆட்டம் பற்றி ஒன்றுமே தெரியாது என்கிறீர்கள். பரவாயில்லை. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆள். நான் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்காருவேன். அவர்கள் போகிற ஊர், எதிரில் வருகிற பூதம், பெய்கிற மழை, எல்லாம் நான்தான். யார் என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். நம் போதகர் சொல்வதுபோல் அங்கே சாத்தானை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் என் வீட்டுப் படிக்கட்டில் அவன் தலையை இடித்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பான்.

ஒரு விதியை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மடித்த சீட்டு. ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டியதை நான் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பேன். அவர்களும் எனக்கு அப்படியே கொடுப்பார்கள். சீட்டில் இருப்பதை மேசையில் பேசக்கூடாது. வெளியிலும் பேசக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு அதைவிடக் கேவலமான ஏமாற்று வேறில்லை. டுவேன் ஹால்வர்சன் ஒருமுறை தன் ஆள் செத்துப்போனதை நான்கு வாரம் யாரிடமும் சொல்லாமல், உயிரோடு இருப்பதுபோலவே உட்கார்ந்து ஆடினான். அவ்வளவு நேர்மையான ஆட்டக்காரன்.

இப்போது நீங்கள் கீழே அடைத்து வைத்திருப்பது அந்த டுவேனைத்தான்.

டுவேனும் மெர்ல் டெஷும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். மெர்லின் தங்கை கெயிலைத்தான் டுவேன் கட்டியிருக்கிறான். படகு மோட்டார் பழுது பார்க்கும் கடை இருவருக்கும் பொது. குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டியின் மேல் போடுகிற மீன்பிடிக் குடிலும் பொது. என் மேசையில் அவர்கள் இருவரும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். பேசுவதைவிடச் சிரிப்பது அதிகம்.

போன டிசம்பரில் புது ஆட்டம் ஒன்று ஆரம்பித்தேன். எல்லோரும் பூதங்கள். டுவேன் மலைப் பூதங்களின் தலைவன், மெர்ல் சேற்றுப் பூதங்களின் தலைவன். இரண்டு கூட்டத்துக்கும் சண்டை. ஏன் சண்டை என்று ஒரு பக்கம் எழுதி வாசித்தேன். ஒரு கிரீடம், ஒரு புதையல், ஒரு பழைய சாபம். பாதியிலேயே மெர்ல் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய் வெண்டல், இதுக்கா ஒரு பூதம் படுக்கையை விட்டு எழுந்திரிக்கும்? கிரீடத்தை வெச்சுக்கிட்டு சேத்துல என்னடா பண்றது, தவளைக்கு மாட்டி விடறதா?"

"விடு மச்சான், பாவம், ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதியிருக்கான்" என்றான் டுவேன். அவனும் சிரித்தான்.

"பதினோரு வருஷமா இவன் பூதங்களுக்குப் பல்லு இருக்கு, நகம் இருக்கு. காரணம் மட்டும் ஒண்ணு கூட இல்ல. எல்லாம் அட்டைப் பொம்மை."

நானும் சிரித்தேன். அவன் சொன்னது நியாயமான விமர்சனம். நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கெயில் வழக்கம்போல் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே சமையலறையில் நானும் அவளும் மட்டும். "வெண்டல், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. மெர்ல் தீயணைப்பு நிலையத்து ஹால்ல தனியா ஒரு மேசை ஆரம்பிக்கிறான். டுவேனும் போறாரு. மத்தவங்களும்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு…" என்று இழுத்தாள். தட்டுகளைக் கீழே எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லி நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். இனி என் மேசைக்கு யாரும் வரப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள முழு வாக்கியமும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நல்ல காரணங்கள் எழுதுவதில் கவனம் செலுத்தினேன்.

இரண்டு கூட்டம் சண்டை போட வெறுப்பு வேண்டியதில்லை, டெபுடி. இருவருக்கும் ஒவ்வொரு காயம் போதும். இரண்டு பேருமே தனக்குத்தான் அநியாயம் நடந்தது என்று நம்ப வேண்டும். அதைவிட முக்கியம், ஒருவரை ஒருவர் போய்க் கேட்க முடியாமல் இருக்க வேண்டும். கேட்டுவிட்டால் எந்தப் போரும் ஒரு வாரம் தாங்காது. என் மேசையில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நான் அவர்களைப் பழக்கியிருந்தேன்.

டுவேனுக்கு ஹாங்க் என்று ஒரு நாய் இருந்தது. மூன்று வருடம் முன்பு கவுன்ட்டி சாலையில் எவனோ வண்டியால் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டான். டுவேன் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆட்டத்தில் மலைத் தலைவனின் வேட்டை ஓநாய் பாதையோரத்தில் செத்துக் கிடந்தது. டுவேனுக்கு ஒரு சீட்டு கொடுத்தேன்: "ஒரு வியாபாரி பார்த்திருக்கிறான். அடித்த வண்டிக்கு இடது பக்க விளக்கு எரியவில்லை."

அந்த வருடம் முழுக்க மெர்லின் வண்டிக்கு இடது விளக்கு எரியவில்லை. ஊருக்கே தெரியும்.

டுவேன் சீட்டைப் படித்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்று முழுக்க மெர்ல் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் போன பிறகு படியில் நின்று என்னைக் கேட்டான். "வெண்டல், அந்தச் சீட்டு… அது ஆட்டத்துக்கு மட்டும்தானா?"

"சீட்டைப் பத்தி வெளிய பேசக் கூடாது டுவேன். உனக்கே தெரியும்."

"ஆமா. சாரிடா. தப்புதான்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

மெர்ல் அந்த நாயை அடிக்கவில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் அவசரம், நாய் குறுக்கே வந்துவிட்டது.

மெர்லுக்கு வேறு மாதிரி. அவன் குடியை விட்டு நான்கு வருடமாகிறது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பிப்ரவரி மாலை, தன் மூன்று வயது மகளை வண்டியிலேயே மறந்துவிட்டு மதுக்கடைக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவன் டுவேனிடம் மட்டும் சொன்னான், கெயிலுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று. டுவேன் கெயிலிடம் சொன்னான். கெயில் ஒருநாள் என் சமையலறையில் தட்டு கழுவும்போது அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். என்னிடம் எல்லோரும் சொல்வார்கள். நான் நன்றாகக் கேட்பேன்.

மெர்லுக்கு நான் கொடுத்த சீட்டு: "சேற்றுத் தலைவன் குடிபோதையில் தன் குட்டியைப் பனியில் விட்டுவந்த கதையை மலைத் தலைவன் தீ மூட்டி உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறான்."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அட்டைப் பொம்மை என்று அதற்குப் பிறகு அவன் சொல்லவே இல்லை.

பிப்ரவரியில் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? பதினோரு வருடத்தில் அப்படி ஓர் ஆட்டம் நான் நடத்தியதில்லை. இருவரும் மேசையின் இரண்டு முனைகளில். சிரிப்பு கிடையாது. ஒருவன் மற்றவனின் கிராமத்தைக் கொளுத்தினான், மற்றவன் பதிலுக்குக் கிணற்றில் விஷம் வைத்தான். ஒரு கட்டத்தில் மெர்ல், "உன் ஆளுங்களுக்கு வாய்தான் பெரிசு, இல்ல மச்சான்?" என்றான்.

"வாய் பெரிசா இருந்தா என்ன? அடிச்சுப் போட்டுட்டு ஓடறவன் இல்ல நான்" என்றான் டுவேன்.

மற்ற மூவரும் எவ்வளவு அருமையாக நடிக்கிறார்கள் என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஹால் பற்றி அதற்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. எனக்கு அது போதும். அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

மார்ச் முதல் வாரம் டுவேன் எனக்கு ஒரு சீட்டு கொடுத்தான். சேற்றுப் பூதங்கள் சதுப்பைக் கடக்கப் பாதையோரம் குச்சிகள் நட்டு வைத்திருந்தன. டுவேன் எழுதியிருந்தான்: "விடியறதுக்குள்ள குச்சிகளை மாத்தி நட்டுட்டு வரேன். அவன் நேரா சேத்துக்குள்ள போகட்டும்." நல்ல யோசனை. சீட்டைப் பத்திரமாக வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரார் கூடிச் சாப்பிடுகிற மீன் வறுவல் விருந்தில் கெயில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. "ரெண்டு பேரையும் ஒத்துக்க வெச்சுட்டேன் வெண்டல். ஞாயித்துக்கிழமை காலைல குடில்ல சந்திக்கிறாங்க. என்ன இருந்தாலும் நேரா கேட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். மெர்ல் ஏழு மணிக்குப் போய் அடுப்பு மூட்டறான், இவர் எட்டு மணிக்குப் போறாரு."

நல்லது என்றேன்.

நேராகக் கேட்டால் இரண்டு சீட்டும் வெளியே வரும். இரண்டும் என் கையெழுத்து. அதன் பிறகு என்னிடம் யார் வருவார்கள்?

ஏரியின் மேல் வண்டி போகிற பாதை உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரில் எல்லோரும் வீட்டில் அலங்கரித்த மரங்களைக் கொண்டுபோய் பனிக்கட்டியில் துளையிட்டு வரிசையாக நட்டுவிடுவோம். மூடுபனியில் கரை தெரியாது, மரம் தெரியும். மரத்தை ஒட்டிப் போனால் பயமில்லை. ஓடை வந்து சேருகிற மூலையில் மட்டும் மார்ச்சில் பனிக்கட்டி மெலிந்துவிடும். அங்கே யாரும் போகமாட்டார்கள். அன்று ஞாயிறு காலை ஆறு மணிக்கு நல்ல மூடுபனி.

ஏழு மரங்கள். அவ்வளவுதான் மாற்ற வேண்டியிருந்தது. ஊசியிலைகள் கையுறையைத் தாண்டிக் குத்தின. பிறகு வீட்டுக்கு வந்து காலுறையை மாற்றிக்கொண்டு எட்டு மணி ஆராதனைக்குப் போனேன். போதகர் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

மெர்ல் பதினோரு வருடம் மரங்களை நம்பி ஓட்டியவன். அன்றும் நம்பினான்.

மறுநாள் உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது டுவேனின் சீட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அது அவன் கையெழுத்துதான்.

இன்றைக்கு நான் வந்தது எதற்கு என்று கேட்டீர்கள். செய்தித்தாளைப் பார்த்தேன். டுவேனுக்கு மூளை கெட்டுவிட்டது, விளையாட்டையும் வாழ்க்கையையும் பிரிக்கத் தெரியாத பைத்தியம், காரணமே இல்லாத கொலை என்று அரசு வக்கீல் சொல்கிறார். காரணமே இல்லை என்கிறார், டெபுடி. மூன்று மாதம் நான் உட்கார்ந்து செதுக்கிய காரணங்கள். பைத்தியம் என்பது ஒரு காரணமா? சோம்பேறிகள் எழுதுவது அது. அதைத் திருத்தத்தான் வந்தேன். மரங்களை மாற்றியது நான்தான் என்பதையும் அதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

டெபுடி நோவாக் பேனாவைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"மெர்ல் வீட்டுல இருந்தது. கெயில் கொண்டுவந்து குடுத்தாங்க. தீயணைப்பு நிலையத்து ஹால்ல ஆரம்பிக்கிறதா இருந்த மேசை, மிஸ்டர் ஷூமன். ஏப்ரல் ஆறாம் தேதி. அது உங்க பிறந்த நாளாமே?"

தாளில் ஓர் ஆட்டக்காரனுக்கான கட்டங்கள் நிரப்பப்பட்டிருந்தன. மேலே ஆடுபவர் பெயர் என்ற இடத்தில் வெண்டல் ஷூமன் என்று மெர்லின் கோணல் எழுத்து. பாலத்தைக் காக்கும் ஒரு கிழட்டுப் பூதம். மெர்ல் எப்போதும்போல வலிமைக்கான எண்களைத் தப்பாகக் கூட்டியிருந்தான்.

"பதினோரு வருஷமா அட்டைக்குப் பின்னாடியே உக்காந்திருக்கான், ஒரு தடவையாவது அவன் ஆடட்டும், நாம நடத்துவோம்னு மெர்ல் சொன்னாராம். அதுதான் உங்ககிட்ட மறைச்சாங்க. கெயில் அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தாங்க."

நான் தாளை இரண்டு முறை படித்தேன். கூட்டல் பிழையைப் பென்சிலால் திருத்தினேன். பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன், எல்லாப் பக்கத்திலிருந்தும். இந்த வேலையில் எனக்குப் பதினோரு வருட அனுபவம் இருக்கிறது.

அந்தக் கதை நிற்காது, டெபுடி. ஒரு மனிதன் இன்னொருவனுக்காக அப்படிச் செய்வதற்குப் போதுமான காரணம் அதில் இல்லை. அவர்கள் வேறு எதையோ மறைத்திருக்கிறார்கள்.