மூத்தவர் தட்டு

மூத்தவர்கள் சாப்பிடத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் தட்டை எடுக்கலாம் என்பது விதி. சான் ஹோசேயில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடிக் குடும்பங்களின் மாதாந்திர விருந்தில் அதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். அந்த ஊர் ரயிலில் என் முன் இருக்கையில் பேசிக்கொண்டிருந்த கோயம்புத்தூர் அம்மாள் அதைப் படித்துவிட்டுத்தான் மீறியிருக்கிறார். அவருடைய மருமகள் பூர்வகுடிப் பெண்.

“வயசுல பெரியவன்னு எனக்குத்தான் முதல்ல தட்டு கொண்டு வந்தாங்க கண்ணு. பையனப் பெத்தவளே முதல்ல உட்கார்ந்து சாப்பிட்டா நல்லாவா இருக்கும்? கரண்டிய வாங்கிட்டு சர்வ் பண்ண நின்னுட்டேன்.”

“அப்புறம் ஆன்ட்டி?” என்றாள் பக்கத்து இளம்பெண்.

“ஒருத்தரும் தட்டத் தொடல. ட்ரம் அடிக்கறவங்களும் சும்மா நிக்கறாங்க. நானும் விடல.”

“எவ்வளவு நேரம்?”

“சூப் ஆறிப்போச்சு. மருமக மூஞ்சியே செவந்துபோச்சு. சாரின்னு மெசேஜ் போட்டேன், இன்னும் பதிலில்ல. இனிமே கூப்பிடுவாளோ மாட்டாளோ.”

அடுத்த திங்களன்றும் அதே ரயிலில் இருவரும் இருந்தார்கள்.

“‘அடுத்த விருந்துக்கு நானே வந்து பிக்கப் பண்றேன், ஆனா சேரைவிட்டு எந்திரிக்கக் கூடாது’ன்னு மருமக போட்டிருக்கா கண்ணு!”

பதில் வந்தது விருந்து முடிந்த ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமையாம்; அதுவரை நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.